மர அணிலையும் வேலமரத்தையும் ஒப்பிடுக

"சார், கடைசிக் கேள்வி புரியல."

தேர்வு அறையின் நடுவரிசையிலிருந்து எழுந்த அந்தக் குரலை உயிரியல் ஆசிரியர் பொருட்படுத்தவில்லை. கடைசிக் கேள்வி புரியாத மாணவர்கள் எல்லா வருடமும் உண்டு. முதல் கேள்வியே புரியாதவர்களும் உண்டு. அவர்களில் ஒருவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நல்லா படிச்சுப் பாரு, புரியும்" என்றார்.

"படிச்சுப் படிச்சு மனப்பாடமே ஆயிடுச்சு சார். அப்பவும் புரியல."

பக்கத்து மேசைக்காரனும் தலையை நிமிர்த்தினான். "எனக்கும் சார்."

அவர் அருகே போய் வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். 'மர அணிலையும் மஞ்சள் பூ வேலமரத்தையும் ஒப்பிடுக' என்று போட்டிருந்தது. பத்து மதிப்பெண். கட்டாய வினா.

அவர் அதை மறுபடியும் ஒரு முறை படித்தார். ஏனென்றால் அந்த வினாத்தாளைத் தயாரித்தவரே அவர்தான். இந்தப் பள்ளிக்கு மட்டுமல்ல, வட்டாரத்தில் இருக்கும் அத்தனை பள்ளிகளுக்கும் அதே தாள்தான். அத்தனை பள்ளிகளிலும் இந்நேரம் யாரோ ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டிருப்பான்.

அவர் எழுதிக்கொடுத்தது இரண்டு கேள்விகள். மர அணிலையும் முயலையும் ஒப்பிடுக என்பது ஒன்று. வேலமரத்தையும் பைன் மரத்தையும் ஒப்பிடுக என்பது இன்னொன்று. தலா ஐந்து மதிப்பெண். அச்சில் முயலும் பைன் மரமும் போன இடம் தெரியவில்லை. மிச்சமிருந்த இரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டன. மதிப்பெண்களையும் ஒழுங்காகக் கூட்டிப் பத்து என்று போட்டிருந்தது. பிழைக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

"எதை வச்சு சார் ஒப்பிடறது?" என்றான் பையன்.

அந்தக் கணத்தில் "கேள்வி தப்பு, எல்லாரும் அடிச்சிடுங்க" என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பத்தொன்பது வருட ஆசிரியர் வாழ்க்கையில் கரும்பலகையில் ஒரு எழுத்து தப்பாகப் போனால்கூட, "நீங்க கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்" என்று சொல்லியே பழகிய நாக்கு அது. தானாகப் புரண்டது.

"கேள்வியைப் புரிஞ்சுக்கறதும் பரீட்சையில ஒரு பகுதிதான். உக்காரு."

பையன் உட்கார்ந்தான். அறை முழுவதும் ஒரு பெருமூச்சு பரவியது. தூங்கிக்கொண்டிருந்தவன் மட்டும் அசையவில்லை. அன்று அந்த அறையில் அமைதியாக இருந்த ஒரே ஜீவன் அவன்தான்.

எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் இலைப் பச்சையத்தில் கொண்டுபோய் முடிப்பார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பச்சையம். ஆசிரியர்கள் அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது. வீட்டில் மனைவி கோபம் வந்தால் மட்டும் அந்தப் பெயரைப் பயன்படுத்துவாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

தேர்வு முடியும் மணி அடிப்பதற்கு முன்பே பச்சையத்துக்குத் தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. அந்த அம்மாள் ஒரு கையில் தொலைபேசியும் இன்னொரு கையில் கைப்பேசியுமாக இருந்தார். இரண்டிலும் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"அணில் சரி. வேலமரமும் சரி. ரெண்டும் எப்படிச் சார் ஒரே கேள்வியில வந்துச்சு?"

"அது வந்து மேடம்... அச்சுல..."

"அச்சுப்பிழையா?" தலைமையாசிரியை நாற்காலியில் நிமிர்ந்தார். "பிழைன்னா எல்லாப் பள்ளிக்கும் மறுதேர்வு வைக்கணும். விசாரணை வரும். முதல் கேள்வியே ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யாருன்னுதான் இருக்கும். யார் போட்டது?"

பச்சையத்துக்கு அந்த மதியம் நினைவுக்கு வந்தது. டைப்பிஸ்ட் அம்மா ப்ரூஃபைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அவர் கைப்பேசியில் மனைவியோடு குளியலறைச் சுவருக்கு ஓடு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். மனைவி அனுப்பிய படங்களில் ஒன்று வெளிர் நீலம், மற்றொன்று நீலவெளிர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடந்த உரையாடலின் நடுவே எங்கேயோ, படித்துப் பார்க்காமல், 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நான்தான் மேடம்" என்றார்.

"அப்போ பிழை இல்லையே?"

அவர் ஒரு நொடி யோசித்தார். தன் வேலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த டைப்பிஸ்ட் அம்மா. தற்காலிகப் பணியில் இருப்பவர். விசாரணை என்று வந்தால் முதலில் உருளுவது அவர் தலைதான். ஒரு எளிய பெண்ணின் பிழைப்பில் நாம் மண்ணைப் போடுவதா என்று நினைத்ததும் பச்சையத்துக்குத் தன்மேல் ஒரு மரியாதையே பிறந்தது. பயத்துக்கு இப்படி ஒரு நல்ல சட்டை கிடைத்ததும் அவர் அதை உடனே மாட்டிக்கொண்டார்.

"பிழை இல்ல மேடம். யோசிச்சுத்தான் வச்சேன்."

"நல்லது. அப்போ நாளைக்குக் காலையில மாதிரி விடை என் மேசையில இருக்கணும்."

அன்று மாலை அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து நடுவே கோடு போட்டார். இடப்பக்கம் அணில். வலப்பக்கம் வேலமரம். பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன எழுதறீங்க?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னார். ஓட்டுப் படத்தை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பேச்சு வேறு எங்கேயாவது போய்விடும்.

"இதுல என்ன கஷ்டம்? அணில் ஓடும். மரம் ஓடாது. எழுதுங்க."

எழுதினார்.

"அணில் மரத்துல இருக்கும். மரம் அணில்ல இருக்காது."

"இது வேற்றுமையா, ஒற்றுமையா?"

"எங்க இடம் இருக்கோ அங்க போடுங்க."

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். "ரெண்டுக்கும் வெயில் பிடிக்கும்ப்பா."

"அணிலுக்கு வெயில் பிடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சுவர்மேல வந்து வாலை விரிச்சுப் படுக்குமே. நான் பார்த்திருக்கேன்."

அதைப் பாடப்புத்தகத்தில் தேடினார். இல்லை. அதனால் எழுதவில்லை. கடைசியில், 'அணில் விதையைப் பரப்பும். வேலமரம் விதையைத் தரும்' என்று ஒன்று தோன்றியதும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. அணிலுக்கு உடலில் மென்மயிர், வேலமரத்தின் பூவிலும் மென்மயிர் போன்ற மகரந்தத் தாள்கள். அணிலுக்குக் கூரிய பற்கள், வேலமரத்துக்குக் கூரிய முட்கள். படுக்கப் போகும்போது அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே யோசித்துத்தான் வைத்தோமோ என்று.

விடைத்தாள் திருத்தும் மையத்தில் ஆளுக்கொரு கட்டோடு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலை பத்து மணிக்கே தகராறு தொடங்கியது.

ஒரு மாணவன், 'அணில் வரும், போகும். வேலமரம் எங்கேயும் போகாது. இதில் யாரை நம்பலாம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்' என்று மட்டும் எழுதியிருந்தான். ஆள் பற்றாக்குறைக்காக உதவிக்கு வந்த தமிழாசிரியர் கண் கலங்கி முழு மதிப்பெண் போட்டுவிட்டார். இன்னொரு பெண், 'இரண்டுமே என்னைக் கேட்காமல் பிறந்தவை; ஒப்பிட எனக்கு உரிமை இல்லை' என்று எழுதியிருந்தாள். அதற்கு மதிப்பெண் போடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று புரியாமல் ஒருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டே தேநீர் குடித்து முடித்தார்.

வேதியியல் ஆசிரியர் பச்சையத்தைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ஒளிவுமறைவு கிடையாது.

"உண்மையைச் சொல்லுய்யா. இது தப்பா வந்த கேள்விதானே?"

"இல்லப்பா. யோசிச்சு வச்சது."

"நீ யோசிச்சா அதுல பச்சையம் இருக்குமே. எங்க?"

"மரத்துல இருக்கு" என்றார் பச்சையம். வேதியியல் ஆசிரியர் தன் விடைத்தாள் கட்டுக்கே திரும்பிப் போனார்.

முடிவு வந்ததும் பெற்றோர் வந்தார்கள். வழக்கறிஞர் ஒருவர் மாதிரி விடையை நகலெடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இதுல அணிலைப் பத்தி ஆறு குறிப்பு இருக்கு. வேலமரத்தைப் பத்தி நாலுதான் இருக்கு. என் பையன் மரத்தைப் பத்தித்தான் விரிவா எழுதினான். மரம் பேசாதுங்கறதால இந்தப் பாரபட்சமா?"

தலைமையாசிரியை பச்சையத்தைப் பார்த்தார். வேலமரத்துக்கு இரண்டு குறிப்பு கூடுதலாகச் சேர்க்க அவர் ஒப்புக்கொண்டார். மறுநாள் அணிலைப் பற்றி எழுதியவர்களின் பெற்றோர் வந்தார்கள். அணிலுக்கு இரண்டு கூட்டினார். அதற்கடுத்த நாள் இரண்டு தரப்பும் சேர்ந்து, ஒன்றுமே எழுதாதவர்களின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் தேர்வு அறைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் முழு மதிப்பெண் என்று அறிவித்தார். தூங்கிக்கொண்டிருந்த பையனும் தேறிவிட்டான். அதுவரை அமைதியாக இருந்த, முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர் அப்போதுதான் கிளம்பினார்கள். அவர்கள் பள்ளிக்கு வரவில்லை. நேராகக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள்.

கல்வி அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்த அன்று பச்சையம் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வேலையை விட்டு அனுப்பினாலும் கசங்காமல் போகலாம் என்று எண்ணம்.

அதிகாரி உயரமாக, வழுக்கையோடு, எதையும் இரண்டு முறை சொல்லும் வழக்கத்தோடு இருந்தார். கூடவே உதவியாளர் ஒருவர். அதிகாரி சொல்வதில் இரண்டாவது முறையை மட்டும் ஆமோதிப்பது அவர் வேலை.

"நீங்கதானா அது?"

"சார், நான் விளக்கம் சொல்லிடறேன்..."

"விளக்கமே வேண்டாம். விளக்கமே வேண்டாம்" என்று அதிகாரி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா விலங்கை விலங்கோட ஒப்பிட்டோம், மரத்தை மரத்தோட ஒப்பிட்டோம். என்ன கிடைச்சுது? ஒண்ணும் கிடைக்கல. நீங்க வேலியைத் தாண்டிட்டீங்க. வேலியைத் தாண்டிட்டீங்க."

"தாண்டிட்டாரு சார்" என்றார் உதவியாளர்.

பச்சையம் தலைமையாசிரியையைப் பார்த்தார். அந்த அம்மாள் கடந்த வாரம் முழுக்கப் பெற்றோரிடம் திட்டு வாங்கிய சுவடே இல்லாமல், "நான் அப்பவே சொன்னேன் சார், இவர் ஆழமான ஆளுன்னு" என்றார்.

ஒரு மாதத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. அந்த முறைக்கு 'எல்லை கடந்த ஒப்பீடு' என்று பெயர். எல்லாப் பாடத்திலும், எல்லா வகுப்பிலும், தேர்வுக்கு ஒரு கட்டாய வினா. பயிற்சி கொடுக்கும் பொறுப்பு பச்சையத்துக்கு.

கணக்கு டீச்சர் முக்கோணத்தையும் முதலையையும் ஒப்பிடச் சொல்லி வினா தயாரித்தார். வரலாற்று ஆசிரியர் ஒரு பேரரசின் வீழ்ச்சியையும் பல் விழுவதையும் எடுத்துக்கொண்டார். இரண்டும் உள்ளேயிருந்து சொத்தையாவதில் தொடங்குகின்றன என்று அவர் காட்டியபோது பயிற்சி அரங்கில் கைதட்டல் எழுந்தது. வேதியியல் ஆசிரியருக்குக் கந்தக அமிலமும் கைக்குட்டையும் வந்தன.

"ஒண்ணு ஒண்ணுமேல பட்டா ஓட்டை விழும். வேற என்னய்யா எழுதறது?" என்றார் அவர், இடைவேளையில்.

"ரெண்டும் கவனமா மடிக்க வேண்டியவைன்னு எழுதேன்."

"அமிலத்தை மடிப்பியா?"

பச்சையத்திடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாத கேள்விகளுக்குத்தான் இப்போது அவர் நிபுணர்.

கடைத்தெருவில் கையேடுகள் வந்தன. அட்டையில் ஒரு அணில் வேலமரத்தைக் கட்டிப்பிடித்திருக்கும். பயிற்சி நிலையங்கள் 'அணில்–வேலம் தனிப்பயிற்சி' என்று பலகை தொங்கவிட்டன. பச்சையத்தைத் தெருவில் பார்த்தால் பெற்றோர் வண்டியை நிறுத்தி வணக்கம் சொன்னார்கள். அணிலுக்கும் வேலமரத்துக்கும் என்ன உறவு என்று அறிய ஒரு நிபுணர் குழு போடப்பட்டு, அது நான்கு கூட்டங்களுக்குப் பிறகு 'உறவு உண்டு, ஆனால் நெருக்கமானதல்ல' என்று இடைக்கால அறிக்கை கொடுத்தது.

புகழ் அவருக்குப் பிடிக்காமல் இல்லை. பிடித்துத்தான் இருந்தது. பிரச்சினை வீட்டுக்குள் வந்த அன்றுதான் முதல் உறுத்தல்.

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துச் சத்தமில்லாமல் குலுங்கினாள்.

"என்ன சிரிப்பு?" என்றார் பச்சையம்.

"உங்க பொண்ணுக்கு வந்த கேள்வி. அப்பாவையும் அலமாரியையும் ஒப்பிடுக."

"எழுதிட்டாளா?"

"எழுதிட்டா. கேளுங்க. 'ஒற்றுமை. இரண்டும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டையும் நகர்த்த அம்மாவால் முடியாது. வேற்றுமை. அலமாரியைத் திறந்தால் ஏதாவது கிடைக்கும்.'"

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று மகளைக் கேட்டார்.

"கையேட்டுல இருக்குப்பா. அப்பாவுக்குப் பதிலா தாத்தா, மாமா யாரை வேணும்னாலும் போட்டுக்கலாமாம்."

அவருக்கு அதில் வருத்தம் அலமாரியோடு ஒப்பிட்டதற்காக அல்ல. நியாயமான ஒப்பீடுதான். ஆனால் மகள் அன்று படம் வரையவில்லை. சில நாட்களாகவே வரையவில்லை. சுவர்மேல் அணில் வந்து படுத்திருக்கிறது என்று மனைவி காட்டியபோது, "எத்தனை குறிப்பும்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையேட்டைப் புரட்டினாள்.

மறுநாள் பள்ளியிலும் ஒன்று நடந்தது. விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேலமரம் உண்டு. பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது, அடியில் தரையே மஞ்சளாகக் கிடந்தது. ஒரு கிளையில் அணில் ஒன்று தலைகீழாகத் தொங்கியபடி எதையோ இரண்டு கையாலும் பிடித்துக் கொறித்தது. பச்சையம் வகுப்பை அதன் கீழே கூட்டிக்கொண்டு போயிருந்தார். பிள்ளைகள் எல்லாரும் குனிந்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே பார்த்தது ஒரே ஒரு பெண்தான்.

"சார், அது பூவைத் தின்னுதா, காயைத் தின்னுதா?"

"அது தேர்வுக்கு வராது, எழுதும்மா" என்றார் பச்சையம்.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதில் விழுந்தது. உயிரியல் படிக்க அவர் கல்லூரிக்குப் போன காரணமே இப்படி ஒரு கேள்விதான். அந்தப் பெண் தலையைக் குனிந்து கோடு போட ஆரம்பித்தாள். அவர் மரத்தடியிலேயே நின்றார். அணில் தின்றது பூவா காயா என்று அண்ணாந்து பார்த்தார். அது ஓடிவிட்டிருந்தது.

அன்று மாலையே முடிவு செய்துவிட்டார்.

"பாராட்டு விழாவுல உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றார் மனைவியிடம்.

"வேலை போயிடுமே?"

"போகட்டும்."

மனைவி குளியலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "குளியலறை வேலை முடிஞ்சிடுச்சு. சொல்லிடுங்க" என்றாள்.

விழா நகர அரங்கில் நடந்தது. வட்டாரத்து ஆசிரியர்கள் மொத்தப் பேரும் வந்திருந்தார்கள். வராவிட்டால் ஒரு நாள் விடுப்பு கழிக்கப்படும் என்று சொல்லியிருந்தார்கள். மேடையின் பின்திரையில் ஒரு பெரிய அணில், பக்கத்தில் அதைவிடச் சிறிய வேலமரம். வரைந்தவர் பாரபட்சம் பார்க்காதவராக இருக்க முடியாது. கல்வி அதிகாரி பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டுவிட்டு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்.

பச்சையம் தொண்டையைக் கனைத்தார்.

"நான் நேராவே சொல்லிடறேன். அந்தக் கேள்வி நான் வச்சதில்ல. அது அச்சுப்பிழை. அணிலுக்கு ஜோடி முயல். வேலமரத்துக்கு ஜோடி பைன் மரம். நடுவுல ரெண்டும் விட்டுப்போச்சு. நான் ப்ரூஃப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன். இந்த முறையில எந்த அர்த்தமும் கிடையாது. தயவுசெஞ்சு பிள்ளைகளை விட்டுடுங்க."

பின்வரிசையில் வேதியியல் ஆசிரியர் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். பச்சையத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறையை இறக்கிவைத்தது போலிருந்தது. அடுத்து என்ன வந்தாலும் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கல்வி அதிகாரி மெதுவாக வந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா? இதுதான் அடுத்த கட்டம். உண்மையையும் பிழையையும் ஒப்பிடுக. நம்ம கண்ணு முன்னாடியே, தன்னையே வினாவா வச்சு, ஒப்பிட்டுக் காட்டிட்டாரு. என்ன அடக்கம். என்ன துணிச்சல்."

"துணிச்சல் சார்" என்றார் உதவியாளர்.

அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த வேதியியல் ஆசிரியர் மட்டும் உட்கார்ந்தார். "இல்ல சார், நான் நிஜமாவே..." என்று பச்சையம் சொன்னது கைதட்டலில் மூழ்கிப்போனது. அவர் உதடு அசைவதைப் பார்த்தவர்கள், மனிதர் நன்றி சொல்கிறார் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அதிகாரி அவரை ஒப்பீட்டுத் துறையின் இயக்குநராக அறிவித்தார். அப்படி ஒரு துறை இருப்பது உதவியாளருக்கே அப்போதுதான் தெரிந்தது, ஆனாலும் ஆமோதித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு பச்சையம் பக்கவாட்டுப் படியில் பதக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவி வண்டி எடுக்கப் போயிருந்தாள். யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தார்.

டைப்பிஸ்ட் அம்மா. பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது. மேடையில் தான் பேசியதைக் கேட்டுப் பயந்துபோயிருக்கிறார் என்று பச்சையத்துக்குப் புரிந்தது. அத்தனை அலைச்சலிலும், இந்த ஒரு உயிரையாவது காப்பாற்றினோமே என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"உக்காருங்கம்மா. ஒண்ணும் ஆகாது. உங்க பேரை நான் எங்கயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"அது தெரியும் சார். நீங்க நல்ல மனுஷன்."

"வேலைன்னு இருந்தா கண்ணு ஒரு வரி தாவறது சகஜம்தான். எனக்கே தாவலையா? மனசுல வச்சுக்காதீங்க."

அந்த அம்மாள் உட்காரவில்லை. ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தார்.

"உங்க பொண்ணும் அந்தப் பரீட்சையைத்தானே எழுதினா?" என்றார் பச்சையம், அவரைச் சகஜமாக்க. "பாவம், அவளும் இந்தக் கேள்வியில முழிச்சிருப்பாளே?"

"இல்ல சார், அதுக்கு மட்டும் நல்லா எழுதிட்டா" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடையில நீங்க அச்சுப்பிழைன்னு சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமா போச்சு சார், அவ முயலையும் பைன் மரத்தையும் படிக்காம விட்டுட்டான்னுதான், நான் பார்த்துப் பார்த்து அந்த ரெண்டையும் தாள்லேருந்து எடுத்தேன்."